சுலோசனா சொன்ன பொய்

பலராமன் புல்லட்டை வரப்பு ஓரமாக நிறுத்தியபோது சுலோசனா உப்பளத்தில் முழங்கால் சேற்றில் நின்று பாத்தி மிதித்துக்கொண்டிருந்தாள். தை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மழைத்தண்ணீரை இறைத்துவிட்டு, பாத்தியை மிதித்து இறுக்கினால்தான் மாசியில் உப்பு கட்டும். எட்டுப் பெண்கள் வரிசையாக மிதித்துக்கொண்டிருந்தார்கள். குத்தகைக்காரர் பலராமன் வந்தால் மேஸ்திரியிடம் பேசிவிட்டுப் போவதோடு சரி, கூலிக்கு வரும் பெண்கள் யார் எவர் என்று பார்க்க மாட்டார். அன்றைக்கு நேராக அவளைப் பார்த்துக் கை நீட்டினார்.

"ஏ சுலோசனா, உன் பொண்ணு என்னா பண்ணி வச்சிருக்கா தெரியுமா? கெளம்பு. ஸ்கூல்ல எச்.எம். கூப்புடுறாங்க."

"ஐயோ, புள்ளைக்கு என்னாங்க ஆச்சு?"

"அவளுக்கு என்னா ஆவுது? நல்லாதான் இருக்கா. எனக்குத்தான் மானம் போச்சு. வண்டிய புடிச்சுச் சீக்கிரம் வந்து சேரு."

அவர் அந்தப் பள்ளிக்கூடத்தின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். மேடையில் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சுலோசனா இரண்டு முறை பார்த்திருக்கிறாள். வண்டி போய்விட்டது. ரோட்டுக்கு ஓடிப் போய் ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தினாள். காலில் சேறு காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்து டிரைவர் பின்னால் தொங்கிக்கொண்டு வரச் சொன்னான். வழி நெடுக அவள் மனசில் ஒரே ஒரு நினைப்புதான் ஓடியது. எவனோடாவது போய்விட்டாளா? வினோதினிக்குப் பதினேழு வயசு. ப்ளஸ் டூ. சுலோசனாவின் புருஷன் மாயவன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்தான், இரண்டு மாசத்துக்கு ஒரு தரம் வருவான். ஏதாவது ஆனால் அவளைத்தான் கேட்பான்.

தலைமையாசிரியை மலர்கொடியின் அறையில் வினோதினி சுவரோரம் நின்றிருந்தாள். தலை கலையவில்லை, சட்டை கசங்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் சுலோசனாவுக்கு மூச்சு வந்தது.

"அங்கியே நில்லுமா. டைல்ஸ் இப்பதான் தொடச்சாங்க," என்றார் மலர்கொடி. அவர் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. திட்டினாலும் நலம் விசாரிக்கிற குரல்தான் வரும்.

சுலோசனா வாசற்படியிலேயே நின்றாள். பலராமன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் சார் செந்தமிழ் கையில் போனோடு நின்றுகொண்டிருந்தார். "போட்டுக் காட்டுங்க சார், அவங்களும் கேக்கட்டும்," என்றார் மலர்கொடி.

செந்தமிழ் போனைத் தூக்கிப் பிடித்தார். அதில் வினோதினி இருந்தாள். வீட்டில் போடும் பச்சை நைட்டி, மேலே துண்டு. பின்னால் அவர்கள் வீட்டுத் தண்ணீர்க்குடம் தெரிந்தது.

"எங்க ஸ்கூல்ல பொண்ணுங்க மட்டும் முந்நூத்தி இருவது பேரு. பாத்ரூம் நாலே நாலு. அதுல ரெண்டுத்துக்குக் கதவு இல்ல. எதுலயும் தண்ணி வராது. காலையில கெளம்பும்போதே நாங்க யாரும் தண்ணி குடிக்கிறதில்ல. நாலரை மணி வரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காந்திருப்போம். போன வாரம் எங்க க்ளாஸ் பொண்ணு ஒருத்தி பிரேயர்லயே மயங்கி வுழுந்துட்டா..."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. பயமில்லாமல், திக்காமல் பேசினாள். சுலோசனாவுக்கு ஒரு நொடி பெருமைகூட வந்தது. அடுத்தது வரும் வரைக்கும்.

"எங்கம்மா உப்பளத்துல வேல செய்றாங்க. அங்கயும் இதே கததான். சுத்திலும் வெட்டவெளி, ஒரு மறைப்பு கிடையாது. விடியக்காலம் நாலு மணிக்குப் போனா மதியம் வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாங்க. போன வருஷம் மூத்திரத்துல ரத்தம் வந்து ஆஸ்பத்திரியில சேத்தோம். நீ படிச்சா என்ன மாதிரி கஷ்டப்பட மாட்டேன்னு சொல்லித்தான் என்ன ஸ்கூலுக்கு அனுப்புறாங்க. இங்க வந்து நானும் அதையேதான் செய்றேன்."

அந்த ரத்த விஷயத்தைச் சுலோசனா மாயவனிடம்கூடச் சொல்லவில்லை. டாக்டரம்மா கேட்டதற்கே தலையைக் குனிந்துகொண்டுதான் பதில் சொன்னாள். பக்கத்தில் இருந்த ஒரே ஆள் வினோதினி. யார் கிட்டயும் சொல்லாதடி என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். இப்போது பலராமன் கேட்டுக்கொண்டிருக்கிறார், கம்ப்யூட்டர் சார் கேட்டுக்கொண்டிருக்கிறார், தண்ணீர் வைக்க வந்த அட்டெண்டர் நின்று கேட்டுவிட்டுப் போகிறான்.

"நாப்பதாயிரம் பேரு பாத்திருக்காங்க," என்றார் மலர்கொடி. "எவனோ எடுத்து அவன் பேஜ்ல போட்டுட்டான். நேத்து ராத்திரிலேர்ந்து எனக்குப் போன் மேல போன். எதுக்குடா இந்த வேலைக்கு வந்தோம்னு இருக்குது."

"ஞாயித்துக்கிழமை எங்க வூட்லேர்ந்து பேசினேன் மேடம்," என்றாள் வினோதினி. அவள் குரல் அப்போதும் நிதானமாகத்தான் இருந்தது. "ஸ்கூல் பேரச் சொல்லல. யூனிஃபார்ம் போடல. யாரையும் திட்டல. நான் சொன்னதுல எது பொய்னு சொல்லுங்க, எடுத்துடறேன். மூணு தரம் லெட்டர் எழுதி ஆபீஸ்ல குடுத்தோம். நீங்க எதையும் பாக்கல."

மலர்கொடி சுலோசனாவைப் பார்த்தார்.

"பாத்தியாமா? இப்படித்தான் காலையிலேர்ந்து பேசுறா. இப்பல்லாம் புள்ளைங்க மேல நாங்க கை வைக்கக் கூடாது, சட்டம். ஆனா பெத்தவங்களுக்கு எந்தச் சட்டமும் கிடையாது."

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் தன்னைப் பார்ப்பது சுலோசனாவுக்குத் தெரிந்தது. பலராமன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நீ வளக்குற லட்சணம்," என்றார்.

சுலோசனா டைல்ஸ் மேல் ஏறி நடந்தாள். சேற்றுக்கால் ஒவ்வொன்றும் அச்சுப் போட்டது. மகள் எதிரில் போய் நின்று ஓங்கி அறைந்தாள். ஒன்றோடு நிற்கவில்லை. மூன்று. எச்.எம். சொன்னதற்காகத்தான் அடித்தேன் என்று பிற்பாடு பல பேரிடம் சொன்னாள். அது முழு உண்மை இல்லை என்று அவளுக்குத் தெரியும். முதல் அறை எச்.எம்.முக்கு. மற்ற இரண்டும் அந்த ஆஸ்பத்திரிச் சேதிக்கு.

வினோதினி கையைத் தூக்கித் தடுக்கவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. அம்மாவையே பார்த்தாள்.

"சரி, போதும்," என்றார் மலர்கொடி. "இப்ப வேலையப் பாப்போம். அந்த வீடியோவ எடுத்துட்டு, இன்னொண்ணு போடணும். என்னா பேசணும்னு எழுதி வச்சிருக்கேன்."

ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். வினோதினி படித்துவிட்டு மேசை மேல் வைத்தாள். "நான் பொய் சொன்னேன்னு சொல்ல மாட்டேன் மேடம்."

"சொல்ல வேணாம்மா. உன் இஷ்டம். அடுத்த மாசம் ப்ராக்டிக்கல். மார்க்கு யார் போடுறா? டி.சி.யில கையெழுத்து யார் போடுறா? நர்ஸிங் சேரணும்னு சொன்னியே, நன்னடத்தைச் சான்று யார் குடுக்கிறா? ஞாயித்துக்கிழமை நீ உங்கம்மா புள்ள, ஒத்துக்கிறேன். ஆனா எந்தக் கிழமையா இருந்தாலும் நீ என் பேனா முனையிலதான் இருக்க."

பலராமன் சுலோசனா பக்கம் திரும்பினார். "உங்கூட வேல செய்யற ஏழு பேருக்கும் நாளைக்கு வேல வேணுமா வேணாமா? நீயே சொல்லு."

சுலோசனா மகள் காலில் விழுந்தாள். உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்த வெள்ளை சாக்ஸைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிடுடி. வாயால ஒரு வார்த்த. அதோட முடிஞ்சிடும். அப்புறம் நீ பாட்டுக்குப் படிச்சிட்டுப் போயிடலாம்." வினோதினி வெகு நேரம் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தாளை எடுத்துக்கொண்டாள்.

செந்தமிழ் போனைச் சரி பார்த்துவிட்டு, "மேடம், கன்னத்துல விரல் பதிஞ்சிருக்குது. நல்லா தெரியுது," என்றார்.

மலர்கொடி கைப்பையைத் திறந்து பவுடர் டப்பாவை எடுத்தார். எழுந்து வந்து தானே பூசிவிட்டார். தன் பிள்ளைக்குப் பூசுவதுபோல், மோவாயைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக.

முதல் தரம் வினோதினி பாதியில் அழுதுவிட்டாள். அழக் கூடாது என்றார்கள். இரண்டாம் தரம் குரல் எழும்பவில்லை. மூன்றாவது தரம் தாளைப் பார்த்துப் படித்தது தெரிந்துவிட்டது. மனப்பாடம் பண்ணச் சொல்லிப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். ஆறாவது தரம்தான் சரியாக வந்தது. "லைக்கு வாங்கணும்ங்கிற ஆசையில நான் பொய் சொல்லிட்டேன். எங்க ஸ்கூல்ல எல்லா வசதியும் இருக்குது. எல்லாரும் என்ன மன்னிச்சிடுங்க."

அதற்குப் பிறகு கீதாஞ்சலியைக் கூப்பிட்டார்கள். பிரேயரில் மயங்கி விழுந்த பெண் அவள்தான். நீதான்டி நல்லா பேசுவ, நீ பேசு என்று வினோதினியிடம் அழுதவளும் அவள்தான். உள்ளே வந்து யாரையும் பார்க்காமல், "அன்னைக்கு நான் காலையில சாப்புடல, அதனால மயக்கம் வந்துச்சு," என்று ஒரே மூச்சில் சொன்னாள். ஒரே தரத்தில் முடிந்தது. போகும்போது கதவு நிலையில் இடித்துக்கொண்டாள்.

"இப்ப நீ," என்று பலராமன் சுலோசனாவைக் காட்டினார்.

"நானா? நான் என்னாத்தங்க பேசறது?"

"உப்பளத்துல மறைப்பு கட்டிக் குடுத்திருக்காங்க, தண்ணி குடுக்கிறாங்க, எனக்கு ஒடம்புக்கு எதுவும் வரல, எம்பொண்ணு சொன்னது பொய். அவ்வளவுதான்."

சுலோசனா முதல் தரத்திலேயே சரியாகச் சொன்னாள். எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. செந்தமிழ், "நல்லா பேசுறாங்க," என்றார். காலில் இருந்த சேறு தெரியாமல் இடுப்புக்கு மேலே மட்டும் எடுத்திருந்தார்கள்.

மறுநாள் பிரேயர் முடிந்ததும் அந்த வீடியோவை ஸ்மார்ட் கிளாஸ் டிவியில் ஒவ்வொரு வகுப்பிலும் போட்டுக் காட்டினார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட வினோதினியைக் கண்டால் "மன்னிச்சிடுங்க" என்று அதே இழுவையில் சொல்லிவிட்டு ஓடினார்கள். பாத்ரூமுக்கு இரண்டு கதவு போட்டார்கள். கதவு போட்ட கையோடு நாலுக்கும் பூட்டும் போட்டார்கள். சாவி எச்.எம். அறையில். போக வேண்டியவர்கள் உள்ளே போய், பெயர், வகுப்பு, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்க வேண்டும். அந்த அறையில் எந்நேரமும் செந்தமிழ் சாரோ பலராமனோ வேறு யாராவது ஆம்பிளையோ இருப்பார்கள். முன்னே கதவில்லாவிட்டாலும் ஒருத்திக்கு ஒருத்தி துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இப்போது அதுவும் போனது. "எல்லாம் உன்னாலதான்," என்று வகுப்பில் முப்பத்தெட்டுப் பெண்களும் வினோதினியோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கீதாஞ்சலி இடம் மாறி உட்கார்ந்தாள்.

வீட்டிலும் வினோதினி பேசவில்லை. கோபித்துக்கொண்ட மாதிரியும் தெரியவில்லை. கேட்டால் பதில் வரும், சாப்பாடு போட்டால் சாப்பிடுவாள், தண்ணீர் பிடித்து வைப்பாள். தானாக ஒரு வார்த்தை வராது. அதற்கு முன்னால் அவள் வாய் ஓயாது. பஸ்ஸில் பார்த்தது, டீச்சர் சொன்னது, எல்லாம் ஒப்பிப்பாள். கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டியாடி என்று சுலோசனாதான் அலுத்துக்கொள்வாள். இப்போது சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் அரிசி கொதிக்கிற சத்தம் மட்டும்தான். நான் அடிச்சது தப்புடி என்று சொல்லிவிடலாம் என்று பல நாள் வாயைத் திறந்தாள். அதைச் சொன்னால் அந்த ஆஸ்பத்திரிப் பேச்சும் வரும். வாயை மூடிக்கொண்டாள்.

மே மாசம் ரிசல்ட் வந்தது. ஐந்நூற்று இருபத்தொன்று. மலர்கொடி தன் கையாலேயே சாக்லேட் கொடுத்து, டி.சி.யையும் நன்னடத்தைச் சான்றையும் கவரில் போட்டுக் கொடுத்தார். கவரைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பாண்டிச்சேரியில் ஒரு நர்ஸிங் காலேஜில் சேரப் போனபோது, கவுன்ட்டரில் இருந்தவர் எல்லாக் காகிதத்தையும் புரட்டிவிட்டு ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார்.

"ஏம்மா, இதுல கண்டக்ட்டு 'திருப்திகரமாக இல்லை'ன்னு போட்டிருக்குதே? இத வச்சிக்கிட்டு நான் எப்படி அட்மிஷன் போடுறது? நாலு நாள் டைம் இருக்குது. ஸ்கூல்ல போயி மாத்திக்கிட்டு வாங்க."

சுலோசனா மகளைப் பார்த்தாள். வினோதினி எந்த ஆச்சரியமும் இல்லாமல் காகிதங்களை அடுக்கிக் கவருக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு அட்மிஷன். வராந்தா முழுக்கப் பிள்ளைகளோடு தாய் தகப்பன்கள். மலர்கொடி உட்காரச் சொன்னார், இந்தத் தரம் நாற்காலியில். சுலோசனா உட்காராமல் காகிதத்தை நீட்டினாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னதெல்லாம் செஞ்சோமே மேடம். மன்னிப்புக்கூடக் கேட்டாளே."

"கேட்டாம்மா. நான் இல்லன்னா சொல்றேன்? நான் பொய் சொன்னேன்னு அவளே ஊரறியச் சொல்லியிருக்கா. நீயும் சொல்லியிருக்க. பொய் சொல்ற பொண்ணுக்கு நல்ல நடத்தைன்னு நான் எழுதுனா, நாளைக்கு என்ன எவனாவது கேக்க மாட்டானா?"

சுலோசனாவுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நீங்கதான மேடம் சொல்லச் சொன்னீங்க? எழுதிக் குடுத்தீங்களே?"

"நானா? அந்த வீடியோவுல எங்கயாவது நான் இருக்கேனா, பாரு."

குரலில் கொஞ்சமும் கோபம் இல்லை. மேசை மேல் இருந்த அடுத்த விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சுலோசனா வெளியே வந்தாள். வராந்தாவில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. பலராமன் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கேட் பக்கத்தில் வினோதினி கவரோடு நின்றிருந்தாள். சுலோசனா படியில் இறங்கவில்லை. அங்கேயே திரும்பி நின்று, பாத்தியில் அடுத்த கரையில் இருப்பவளைக் கூப்பிடுகிற குரலில் கத்தினாள்.

"என் பேரு சுலோசனா! நான் பொய் சொன்னேன்! எம்பொண்ணு பொய் சொல்லல!"

பேச்சு நின்றது. அழுத குழந்தைகூட நிறுத்திவிட்டது.

"இவரு உப்பளத்துல எட்டு வருசமா மிதிக்கிறேன். ஒரு மறைப்பு கிடையாது. தண்ணி குடிக்காம குடிக்காம எனக்கு மூத்திரத்துல ரத்தம் வந்துச்சு. எம்புருஷனுக்கே தெரியாது. இப்பத் தெரிஞ்சிக்கட்டும்! இங்க இருக்கிற பாத்ரூம்ல தண்ணி இல்ல, சாவி கேட்டு ஆம்பளைங்க எதிர்ல பொண்ணுங்க கையெழுத்துப் போடணும். இத வெளிய சொன்னான்னு, அந்த ரூம்ல என்ன வச்சே அவள அடிக்க வச்சாங்க. பவுடர் பூசி வீடியோ எடுத்தாங்க. உங்க புள்ளைங்களச் சேத்து வுடுங்க, நல்லா சேத்து வுடுங்க, தெரிஞ்சி சேத்து வுடுங்க!"

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாலைந்து போன்கள் மேலே எழுந்தன. பலராமன் அட்டெண்டரைக் கூப்பிட்டார். "ஏம்பா, வெளிய தள்ளுப்பா அத," என்றார். வரிசையில் பின்னால் மகனைக் கையில் பிடித்தபடி நின்றிருந்த திரௌபதி, இவளோடு பாத்தி மிதிக்கிறவள்தான், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று நினைத்துச் சுலோசனா விட்டுவிட்டாள். வரிசையில் இருந்து ஒருவரும் விலகிப் போகவில்லை.

வினோதினி கேட்டிலிருந்து வந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். "போதும். வா."

பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தார்கள். சுலோசனாவுக்கு உள்ளே ஏதோ ஒன்று இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. மகள் முகத்தைப் பார்த்தாள். "சொல்லிட்டேன்டி," என்றாள். "எல்லார் எதிர்லயும் சொல்லிட்டேன்."

"அன்னைக்குச் சொல்லியிருக்கணும்மா," என்றாள் வினோதினி.

மாசக்கணக்கில் அவள் தானாகச் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான்.

அட்மிஷனுக்குக் கொடுத்த நாலு நாளும் போனது. உப்பளத்தில் வேலை போனது. ஜூலையில் வினோதினி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து, ஹாஸ்டலில் தங்கிக்கொண்டாள். பஸ் ஏற்றிவிடப் போனபோது சுலோசனா, "திரும்ப ஒரு தரம் பேசுடி, நான் பக்கத்துல நிக்கறேன், யாரு என்னா சொன்னாலும் நிப்பேன்," என்று சொல்லிப் பார்த்தாள். "என்னால முடியாதும்மா," என்றாள் வினோதினி. "போன எடுத்தாலே பவுடர் வாசன வருது." ஜன்னல் ஓரத்து சீட்டு கிடைத்தும் அவள் உள்பக்கமாகவே உட்கார்ந்துகொண்டாள்.

வராந்தாவில் யாரோ எடுத்த வீடியோ சுற்றிச் சுற்றி ஒரு அதிகாரியிடம் போய்ச் சேர்ந்திருந்தது. நல்ல மனுஷர். விசாரித்தார், சுலோசனாவை நேரில் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்டார். செப்டம்பர் கடைசியில் உத்தரவு வந்தது. வீட்டிலிருந்து விடுமுறை நாளில் ஒரு மாணவி பேசியதை வைத்து அவள் நடத்தையைக் குறைத்து எழுதப் பள்ளிக்கு அதிகாரம் கிடையாது, சான்றைத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. மலர்கொடிக்கு மாறுதல்கூட இல்லை. திருத்திய சான்றை அவரேதான் எழுதிக் கொடுத்தார். "நன்று" என்று அழகான கையெழுத்தில் போட்டிருந்தார்.

"சந்தோஷமாம்மா?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்ட மாதிரிதான் இருந்தது.

சுலோசனா கேட்டுக்கு வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டாள். நாலாவது ரிங்கில் எடுத்தாள். பின்னால் மிஷின் சத்தம்.

"மாத்திக் குடுத்துட்டாங்கடி. நன்றுன்னு போட்டிருக்குது. அடுத்த வருஷம் சேந்துக்கலாம்னு விசாரிச்ச சாரு சொன்னாரு."

"சரிம்மா. பீரோவுல வையி."

"நீ லீவு போட்டு வந்து பாக்கலியா?"

"ஷிஃப்ட்டு ஆரம்பிச்சிடுச்சும்மா. வைக்கிறேன்."

சுலோசனா காகிதத்தை மடிக்காமல் நோட்டுக்குள் வைத்துப் பைக்குள் வைத்தாள். மடித்தால் கோடு விழும். அன்றைக்கு மதியத்துக்கு மேல் அவளுக்கு இரும்பை கிராமத்துப் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச்செடிக்குக் களை எடுக்கிற வேலை இருந்தது. பஸ் வர இன்னும் நேரம் இருந்ததால் நடக்க ஆரம்பித்தாள்.